அடுப்பு ஒன்று, ஆட்கள் ஐவர்: அலுவலகக் கேக் போட்டி எதைக் கற்றுத்தரும்?

கேள்வி: கோவையில் நாற்பது பேர் வேலை செய்யும் அலுவலகம் எங்களுடையது. ஐந்தைந்து பேராக அணி பிரித்து, நட்பு முறையில் ஒரு கேக் போட்டி வைக்கலாம் என்று மனிதவளப் பிரிவில் பேசிக்கொண்டிருக்கிறோம். கூட்டாக வேலை செய்வதை இது உண்மையில் கற்றுத்தருமா, புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுமா? நடத்துவதென்றால் எப்படி நடத்துவது?

பதில்:

பெரும்பாலான இடங்களில் புகைப்படத்தோடுதான் முடிகிறது. பேக்கிங் வகுப்பு நடத்துகிறவள் என்பதால் இத்தகைய போட்டிகளுக்கு என்னை நடுவராக அழைப்பார்கள். எங்கே போனாலும் ஒரே காட்சிதான். அணியில் வீட்டில் கேக் செய்து பழகிய ஒருவர் இருப்பார். அவர் கையில் முட்டை அடிக்கும் பீட்டர் இருக்கும். இன்னொருவர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். மூன்றாமவர் கைப்பேசியில் படம் எடுப்பார், நான்காமவர் அடுத்த மேசையில் என்ன நடக்கிறது என்று வேவு பார்த்து வருவார், ஐந்தாமவர் ஒரு வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே வராந்தாவில் நடப்பார். கேக் நன்றாகவே வரும். பரிசும் கிடைக்கும். "எங்கள் கூட்டு உழைப்பின் வெற்றி" என்று மேடையில் பேசுவார்கள். அந்தக் கூட்டில் உழைத்தவர் ஒருவர்தான் என்பது பாத்திரம் கழுவும் தொட்டிக்குத் தெரியும்.

ஆனாலும் போட்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கேக் செய்வதில் ஒரு தனிக் குணம் இருக்கிறது. அது எல்லோரும் சேர்ந்து கைவைத்தால் வேகமாக முடிகிற வேலை இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டிய வேலை. நடுவில் காத்திருப்பு உண்டு. ஒருவர் முடித்ததை அடுத்தவர் சரியான நேரத்தில் வாங்கிக்கொள்ளாவிட்டால் கெட்டுப்போகும். உங்கள் அலுவலகத்தில் திட்டங்கள் தாமதமாவதும் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். யாருமே சோம்பேறி இல்லை. ஒருவர் முடித்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இரண்டு நாள் கிடந்திருக்கும். போட்டியை இந்தக் குணம் வெளியே தெரியும்படி அமைத்தால் பலன் உண்டு.

வேறுபாடு புரிய இரண்டு கேக்குகளைப் பார்க்கலாம். 2020 ஜனவரியில் கேரளத்தின் திருச்சூரில் அம்மாநில பேக்கரி உரிமையாளர்கள் சங்கம் ஓர் உலக சாதனைக்கு ஏற்பாடு செய்தது. ஏறத்தாழ 1500 பேக்கர்கள் கூடி, மைதானத்திலும் அதை ஒட்டிய சாலைகளிலும் ஆயிரக்கணக்கான மேசைகளை வரிசையாகப் போட்டு, 5 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட வெனிலா கேக்கை அடுக்கி, மேலே சாக்லேட் பூசினார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அங்கே ஆள் கூடக் கூட கேக் நீளும். ஒவ்வொருவருக்கும் அவர் முன்னால் இருக்கும் சில அடிகள்தான் பொறுப்பு. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற வேலை அது. உங்கள் போட்டியில் வரும் எட்டு அங்குல வட்டக் கேக்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரு மணி நேரத்தில் ஒருவர் செய்வதை ஐவர் சேர்ந்து பன்னிரண்டு நிமிடத்தில் செய்துவிட முடியாது. அடுப்புக்குள் அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்தே தீரும். அமெரிக்க உளவியலாளர் ஐவன் ஸ்டெய்னர் 1972இல் குழு வேலைகளை வகை பிரித்தபோது இதையும் கேட்டார்: எல்லோருடைய உழைப்பையும் கூட்டிக்கொள்ளும் வேலையா, அணியிலேயே சிறந்தவர் எவ்வளவு திறமையோ அவ்வளவுதான் வரும் வேலையா, அணியில் மிகவும் தடுமாறுகிறவர் எங்கே நிற்கிறாரோ அங்கேயே நின்றுவிடும் வேலையா? கேக் போட்டியில் பின்னிரண்டு வகைகளும் கலந்திருக்கின்றன. முன்யோசனை இல்லாத அணி அதை இரண்டாம் வகையாக்கிக்கொண்டு, திறமைசாலியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுகிறது.

தேர் இழுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து விசையை அளந்தார். 1913இல் முடிவுகளை வெளியிட்டார். இருவர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் வலுவில் 93 விழுக்காடு வந்தது. மூவரானபோது 85. எட்டுப் பேரானபோது பாதிக்கும் சற்றுக் கீழே. எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் வந்த இழப்பு இது என்று அவர் பெரும்பாலும் கருதினார். 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொரு வழியில் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். உண்மையில் அவர் ஒருவர்தான் இழுத்தார். அப்போதும் வலு குறைந்தது. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற எண்ணமே கையைத் தளர்த்துகிறது. ஐவர் அணியில் கைப்பேசியோடு நிற்கும் இருவரைத் திட்டுவதில் பயனில்லை. அவர்கள் பெயரில் ஒரு வேலை இல்லை என்பதுதான் காரணம்.

சரி, கேக்கின் வேலை வரிசைக்கு வருவோம். ஓடிஜியை (மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார அடுப்பை) 180 டிகிரிக்குச் சூடேற்றப் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள். அதே நேரத்தில் எடை போடுவது, டின்னுக்கு வெண்ணெய் தடவி பட்டர் பேப்பர் போடுவது. முட்டையும் சர்க்கரையும் நுரைக்க அடிப்பது, மைதாவைச் சலித்து மெதுவாக மடித்துக் கலப்பது என்று இருபது நிமிடங்கள். அடுப்பில் முப்பது, முப்பத்தைந்து நிமிடங்கள். ஆற ஒரு மணி நேரம். அதன்பின் க்ரீம் பூசி அலங்கரிக்க அரை மணி. மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் கைவேலை ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். மீதி காத்திருப்பு. புதிய அணிகள் இந்தக் காத்திருப்பைத்தான் கெடுத்துக்கொள்கின்றன. பொறுமையில்லாமல் பத்தாவது நிமிடத்தில் அடுப்புக் கதவைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே சூடு விழும். எழும்பிக்கொண்டிருந்த கேக் நடுவில் குழியும். அல்லது இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே க்ரீம் பூசுவார்கள். க்ரீமில் இருக்கும் வெண்ணெய் 32, 35 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். கோவையின் ஏப்ரல் மாதப் பிற்பகலில் கேக் சூடாக வேறு இருந்தால் அலங்காரம் தட்டுக்கு வழிந்துவிடும்.

கைமாறும் இடங்களைக் கவனியுங்கள். அடித்த முட்டை நுரை காத்திருக்காது. நுரை தயாரானபோது மைதா சலிக்கப்படாமல் இருந்தால், சலித்து முடிப்பதற்குள் காற்றுக் குமிழ்கள் உடைந்து கலவை தளர்ந்துவிடும். முட்டை இல்லாத கேக் இன்னும் கறார். சமையல் சோடாவும் தயிரும் (அல்லது வினிகரும்) சேர்ந்த நொடியிலேயே வாயு வரத் தொடங்குகிறது. அந்த வாயுவை அடுப்புக்குள் பிடித்தால்தான் கேக் மெத்தென்று வரும். கலவை தயாராகி, "அடுப்பை யார் போட்டது?" என்று ஒருவர் கேட்டு, ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தக் காட்சியை நான் பல மேசைகளில் கண்டிருக்கிறேன். அடுப்பைப் போடுவது ஒரு நொடி வேலை. யாரும் அதை ஒரு வேலையாகவே எண்ணவில்லை. அதனால் அது யாருடைய வேலையாகவும் ஆகவில்லை. ஆயிரம் கூட்டங்களில் விளக்கினாலும் மண்டையில் ஏறாத ஒன்று, தட்டையாகிப்போன ஒரு கேக்கால் ஏறிவிடுகிறது.

அளவும் அப்படித்தான். இணையத்தில் கிடைக்கும் பல குறிப்புகள் கப் கணக்கில் இருக்கும். ஒரு கப் மைதாவைத் தளர்வாக அள்ளினால் 120 கிராம். அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். இரண்டு கப் போட வேண்டிய இடத்தில் ஆளுக்கு ஒரு பழக்கம் இருந்தால் 60 கிராம் வித்தியாசம் வந்துவிடும். கேக் இறுகிவிட்டது என்று அடித்தவரைக் குறை சொல்வார்கள். ஆகவே ஒவ்வொரு மேசையிலும் ஒரு எலெக்ட்ரானிக் தராசு வையுங்கள். பரிசுக் கோப்பைக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பது மேல்.

தொழில்முறையில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்குப் பாரிஸில் நடக்கும் உலக பேக்கரிக் கோப்பை நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சு பேக்கர் கிறிஸ்தியான் வப்ரே 1992இல் தொடங்கியது. ஒரு நாட்டுக்கு மூவர். ஒருவர் ரொட்டி வகைகளைச் செய்வார். இன்னொருவர் குரோசான் போன்ற வெண்ணெய் மடிப்புப் பண்டங்களைச் செய்வார். மூன்றாமவர் மாவையே கொண்டு ஆளுயரத்துக்கு நெருங்கும் சிற்பம் அமைப்பார். எட்டு மணி நேரத்துக்குள் எல்லாம் மேசைக்கு வந்துவிட வேண்டும். மூவருக்கும் வேலை தனித்தனி என்று தோன்றும். ஆனால் அடுப்பு பொது. ரொட்டி கேட்கும் சூடும் குரோசான் கேட்கும் சூடும் ஒன்றில்லை. யார் மாவு எப்போது புளித்து எழும், யார் தட்டு எப்போது உள்ளே போகும் என்ற நேர அட்டவணைதான் அந்த அணியின் உண்மையான சமையல் குறிப்பு. மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பது இதற்காகத்தான். 2002இலும் 2012இலும் ஜப்பான், 2016இல் தென் கொரியா, 2020இல் சீனா என்று, சோறு உண்ணும் நாடுகள் ரொட்டியின் தாயகத்துக்கே போய்க் கோப்பையைத் தட்டிவந்திருக்கின்றன. எனக்கு அதில் சற்றுக் கூடுதலாகவே மகிழ்ச்சி உண்டு. இட்லிக்கு மாவு புளிக்கவைக்கும் நம்மவர்களுக்கும் ஒரு நாள் வரும்.

இதிலிருந்து உங்களுக்கான முதல் யோசனை: இரண்டு அணிகளுக்கு ஒரு ஓடிஜி கொடுங்கள். எட்டு அணிகளுக்கு நான்கு போதும். சிறிய ஓடிஜியில் ஒரு நேரத்தில் ஒரு எட்டு அங்குல டின்தான் நன்றாக வேகும். எந்த அணி முதலில் வைப்பது என்று இரு அணிகளும் தாமே பேசி முடிவு செய்யட்டும். நீங்கள் தலையிட வேண்டாம். இரண்டாவதாக வைக்கும் அணி கலவையைத் தாமதமாகத் தயாரிக்க வேண்டும், முதல் அணி சொன்ன நேரத்தில் வெளியே எடுக்க வேண்டும். போட்டியாளரோடு ஒப்பந்தம் பேசி அதைக் காப்பாற்றுவது, "நட்பு முறை" என்று அழைப்பிதழில் அச்சடிப்பதைவிட உண்மையான நட்பைக் கோருகிறது. இரண்டாவது அணிக்கு நேரம் போதாது என்ற முறையீடு வரும். மொத்த நேரத்தை மூன்றரை மணியாக வைத்தால் சரியாகிவிடும்.

இரண்டாவது யோசனை கொஞ்சம் விஷமமானது. ஒவ்வோர் அணியிலும் கேக் செய்யத் தெரிந்தவர் யார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் அவர் எதையும் கையால் தொடக்கூடாது, வாயால் மட்டும் சொல்லலாம் என்று விதி வையுங்கள். அவருக்குக் கை பரபரக்கும். "கொடுங்கள், நானே செய்துவிடுகிறேன்" என்று நான்கு முறையாவது வாய் வரை வரும். தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் கைக்குப் புரியும்படி சொல்வது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரியும். "நன்றாகக் கலக்குங்கள்" என்று அவர் சொன்னதைக் கேட்டு ஒருவர் பத்து நிமிடம் வெளுத்து வாங்கியிருப்பார். மைதாவில் பசைத்தன்மை ஏறி கேக் ரப்பராகியிருக்கும். "நன்றாக" என்று சொன்னால் போதாது, "வெள்ளைத் திட்டு மறைந்ததும் நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் இளையவருக்கு வேலை கொடுக்கும் மேலாளர்களை இந்த நாற்காலியில் உட்காரவைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

மேலாளர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். இந்தப் போட்டியில் பதவி வரிசையும் அறிவு வரிசையும் தலைகீழாக இருக்கும். வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணுக்கு அடுப்பின் பின்பக்கம் அதிகம் சுடும் என்பது தெரிந்திருக்கும். துணைத் தலைவருக்கு மைதாவும் சோள மாவும் ஒன்றாகத் தெரியும். ஆனால் பேசுகிறவர் துணைத் தலைவராகத்தான் இருப்பார். 1985இல் ஸ்டாஸர், டைட்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை ஒட்டிய ஒன்றைச் சோதித்தார்கள். ஒரு மாணவர் தேர்தலின் வேட்பாளர்களைப் பற்றிய தகவல்களைக் குழுவினரிடையே பிரித்துக் கொடுத்தார்கள். சில தகவல்கள் எல்லோரிடமும் இருந்தன. சில ஒருவரிடம் மட்டும். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்திருந்தால் சிறந்த வேட்பாளர் யார் என்பது தெளிவாகியிருக்கும். குழுக்களோ எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசிவிட்டுத் தவறானவரைத் தேர்ந்தெடுத்தன. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது அவரோடே தங்கிவிட்டது. அதனால் எடை போடத் தொடங்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பதவியில் இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில் என்ற வரிசையில், ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒன்றையோ தனக்குள்ள ஒரு பயத்தையோ சொல்ல வேண்டும். யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்று பெயரோடு ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்ட வேண்டும். அடுப்பைப் போடுகிறவர் பெயரும் பாத்திரம் கழுவுகிறவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

பாத்திரம் கழுவுவதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தடுக்காவிட்டால் அது எப்போதும் அணியிலுள்ள பெண்கள் தலையில்தான் விழுகிறது. க்ரீம் பூசும் நேரத்தில் ஆண்கள் உற்சாகமாக வந்து சேர்ந்துகொள்வார்கள். படத்திலும் அவர்களே முன்னால் நிற்பார்கள். மேசையும் தொட்டியும் காலியான பிறகுதான் அணியின் நேரம் முடிந்ததாகக் கணக்கு என்று வைத்துவிடுங்கள். அறிவுரை எதுவும் தேவைப்படாது.

மதிப்பெண்: சுவைக்கும் பதத்துக்கும் பாதி, தோற்றத்துக்குக் கால், மேசைச் சுத்தத்துக்கும் வீணான பொருளின் எடைக்கும் கால். கேக்குக்கு எண் மட்டும் கொடுத்து, எந்த அணியுடையது என்று தெரியாமல் நடுவர்கள் ருசிக்க வேண்டும். "கூட்டுறவு"க்குத் தனி மதிப்பெண் வேண்டவே வேண்டாம். அப்படி ஒரு கட்டம் தாளில் இருந்தால், நடுவர் பக்கத்தில் வரும்போதெல்லாம் சத்தமாகக் கைதட்டி ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வார்கள். நல்ல அணி பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பரிசு சிறியதாக இருக்கட்டும். தொகை கூடினால் மாவுக் கிண்ணத்தின் மேலேயே சண்டை வரும்.

முடிந்ததும் தேநீரோடு இருபது நிமிடம் உட்காருங்கள். "என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் அழகாகப் பொய் சொல்வார்கள். குறிப்பாகக் கேளுங்கள். கலவை அடுப்புக்காகக் காத்திருந்ததா, அடுப்பு கலவைக்காகக் காத்திருந்ததா? தவறு நடக்கப்போகிறது என்று யாருக்கு முதலில் தெரிந்தது, எப்போது வாய் திறந்தார்? தாளில் எழுதிய வேலைப் பிரிவினை எந்த நிமிடத்தில் குலைந்தது? தோற்ற அணிகளின் பதில்கள்தான் இங்கே பயன் தரும். ஆகவே பரிசளிப்பை இந்தப் பேச்சுக்குப் பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் தோற்றவர்கள் வாகனம் எடுக்கக் கிளம்பிவிடுவார்கள்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சம்பள ஏற்றத்தில் மனக்கசப்பு இருக்கிற, ஒருவர் வேலையை இன்னொருவர் தன் பெயரில் போட்டுக்கொள்கிற அலுவலகத்தில் கேக் போட்டி ஒன்றையும் சரிசெய்யாது. "இதற்கு மட்டும் பணம் இருக்கிறது" என்ற முணுமுணுப்புதான் மிஞ்சும். ஏற்கெனவே ஓரளவு ஒத்துப்போகிற, ஆனால் பிரிவுகளுக்கிடையே வேலை கைமாறும்போது தடுமாறுகிற இடங்களில்தான் இது எடுபடும். அணி பிரிக்கும்போது கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர், விற்பனையிலிருந்து ஒருவர் என்று கலந்து போடுங்கள். நண்பர்களைச் சேர்ந்தே விட்டால் அவர்களுக்கு எதுவும் பேசி முடிவு செய்யத் தேவையிருக்காது.

இனி சில்லறை விஷயங்கள், ஆனால் இவற்றில்தான் போட்டி நின்றுபோகும். ஒரு ஓடிஜி ஏறத்தாழ 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கும். 16 ஆம்பியர் இணைப்பு ஒன்று 3600 வாட் அளவுக்குத்தான் தாங்கும். நான்கையும் நீட்டிப்புப் பலகை ஒன்றில் செருகினால் கம்பி சூடேறும், மின்சாரமும் போகும். நான்குக்கும் தனித்தனி இணைப்பு இருக்கிறதா என்று அலுவலக எலெக்ட்ரீஷியனிடம் முந்தைய நாளே பார்க்கச் சொல்லுங்கள். குளிர்பதனப் பெட்டியில் க்ரீமுக்கு இடம் ஒதுக்குங்கள். யார் முட்டை சாப்பிடமாட்டார்கள், யாருக்கு வேர்க்கடலையோ முந்திரியோ பாலோ ஒவ்வாது என்பதை அழைப்பு அனுப்பும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அணிக்குள் ஒருவரால் சாப்பிட முடியாத கேக்கை அந்த அணி செய்யக்கூடாது என்பதையும் விதியாக்கிவிடலாம். முதன்முறையாக நடத்துகிறீர்கள் என்பதால் மூன்றடுக்குக் கேக், ஃபாண்டன்ட் (சர்க்கரைப் பசை) பொம்மை என்று யாராவது ஆசைப்பட்டால் மறுத்துவிடுங்கள். ஒரே அடுக்கு, ஒரே வகை க்ரீம் போதும்.